முதலில் செங்கல், பிறகு சூத்திரம்

(சாம்பியன் ரீப்ஸில் நடந்த நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கணக்கைப் பற்றி ஏதாவது பேசுங்கோ டீச்சர், ஆனால் எல்லோருக்கும் புரியும்படி இருக்கணும்" என்று காரியதரிசி கேட்டுக் கொண்டார். ராமானுஜனைப் பற்றிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் அவ்வளவு உயரம் போகப் போவதில்லை. எட்டு, ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளுக்குப் பரப்பளவு என்பதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற ஒரே விஷயத்தைத்தான் எடுத்துக் கொண்டிருக்கிறேன். முப்பது வருஷம் இந்த ஊரில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவள் என்பதே எனக்கு உள்ள தகுதி. பேச்சு நம் பத்திரிகையிலும் வரும் என்றார்கள். ஆகவே சென்னையிலும் மும்பையிலும் டில்லியிலும் பேரன் பேத்திகளோடு இருக்கும் அங்கத்தினர்களையும் மனதில் வைத்துக் கொண்டே பேசுகிறேன்.

உங்கள் பேரனையோ பேத்தியையோ கூப்பிட்டு ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். 6 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள ஒரு செவ்வகம் போட்டு, "இதன் பரப்பளவு என்ன?" என்று கேளுங்கள். "24" என்று உடனே பதில் வரும். விட்டுவிடாதீர்கள். "24 என்ன?" என்று கேளுங்கள். பாதிக் குழந்தைகள் "24 செ.மீ." என்பார்கள். சில குழந்தைகள் "சதுர செ.மீ." என்று சரியாகச் சொல்வார்கள். அவர்களிடம், "அந்த 24 எங்கே இருக்கிறது? காட்டு" என்று கேளுங்கள். அப்போது முழிப்பார்கள். எதை எண்ணினோம் என்று தெரியாமலேயே விடை எழுதியிருக்கிறார்கள். மார்க் கிடைத்துவிடுகிறது, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. முக்கோணமும் சரிவகமும் வரும்போதுதான் "எனக்குக் கணக்கு வராது" என்று அந்தக் குழந்தை சொல்ல ஆரம்பிக்கிறது. கணக்கு வராமல் இல்லை. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டினோம், அவ்வளவுதான்.

எது அஸ்திவாரம்? பரப்பளவு என்றால் மூடுவது. ஓர் இடத்தை ஒரே அளவுள்ள துண்டுகளால் இடைவெளி இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் மூடி, எத்தனை துண்டு ஆயிற்று என்று எண்ணுவது. "நீளம் இன்ட்டு அகலம்" என்பது அந்த எண்ணிக்கைக்கு ஒரு குறுக்கு வழி. எண்ணியே பார்க்காதவனுக்குக் குறுக்கு வழியைச் சொன்னால், எந்த ஊருக்குப் போகிறோம் என்றே தெரியாமல் பஸ் ஏறின மாதிரி ஆகிவிடும்.

நம் ஊர் ஆழத்துக்குப் பேர் போன ஊர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து தோண்டித் தோண்டி, சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. இங்கே சின்னக் குழந்தைகூட "எங்கப்பா எத்தனையாவது லெவலில் வேலை செய்கிறார்" என்று சொல்லும். ஆழம் என்பது ஒரு நீளம். கயிறு விட்டு அளக்கலாம். பரப்பளவைக் கயிறு விட்டு நேராக அளக்க முடியாது. அதற்கு வேறு மாதிரி ஓர் அளவுகோல் வேண்டும். இதைக் குழந்தைக்குச் சொல்லக் கூடாது, அதுவே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வகுப்பில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஸ்கேலே கிடையாது. ஒவ்வொரு குழந்தையும் தன் சிலேட்டைப் புளியங்கொட்டையால் மூட வேண்டும். ஒருத்தி 180 என்பாள், பக்கத்தில் இருப்பவன் 150 என்பான். இரண்டும் ஒரே அளவு சிலேட்டு. "ஏன்?" என்று கேட்டால், "என் கொட்டை சின்னது", "அவன் நடுவில் இடம் விட்டிருக்கிறான்" என்று சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம். அடுத்து கேரம் காய். எல்லாம் ஒரே அளவுதான், ஆனாலும் நடுவே ஓட்டை விழுகிறது. அடுத்து தீப்பெட்டி. ஓட்டை இல்லை. ஆனால் ஒருவன் குறுக்கே வைக்கிறான், ஒருவன் நெடுக்கே வைக்கிறான். கடைசியில் கேலண்டர் அட்டையில் வெட்டிய சதுரம். எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றுதான். ஏன் சதுரத்தால் அளக்கிறோம் என்று அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பையன் "தேன்கூடு மாதிரி வெட்டினாலும் ஓட்டை விழாதே டீச்சர்" என்று கேட்டான். வாஸ்தவம். அறுகோணமும், சமபக்க முக்கோணமும் இடைவெளி இல்லாமல் மூடும். ஆனால் வரிசை போட்டுப் பெருக்குவதற்குச் சதுரம்தான் சௌகரியம். அதையும் வெட்டிப் பார்த்தே தெரிந்து கொண்டார்கள்.

அடுத்த நாள் மேஜை. என் உள்ளங்கையால் ஒரு தடவை மூடி எண்ணினோம், ஒரு குழந்தையின் உள்ளங்கையால் ஒரு தடவை எண்ணினோம். எண் வேறு வேறு, மேஜை ஒன்றே. கடைக்காரரும் நாமும் ஒரே சதுரத்தை வைத்துக் கொண்டால்தான் பேச்சு நடக்கும் என்று அப்போது புரிகிறது. அதன் பிறகுதான் சென்டிமீட்டர் சதுரமும், பழைய செய்தித்தாளில் வெட்டிய ஓர் அடிச் சதுரமும் வகுப்புக்கு வரும்.

சதுரம் எண்ண ஆரம்பித்ததும் முதலில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். எண்ணட்டும், அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு நாளில் யாராவது ஒரு சோம்பேறி, "ஒரு வரிசையில் 6, இந்த மாதிரி 4 வரிசை, 24" என்பான். கணக்கில் சோம்பேறித்தனம் ஒரு நல்ல குணம். "நீளம் பெருக்கல் அகலம்" அவன் வாயால் வந்துவிட்டது. இப்போது அது அவனுடைய சொத்து. பரீட்சையில் மறந்தாலும் மறுபடி உண்டாக்கிக் கொள்வான்.

மாமிகளுக்கு ஒரு விஷயம். புள்ளிக் கோலம் இதற்கு நல்ல சாதனம், ஆனால் ஓர் இடத்தில் ஜாக்கிரதை வேண்டும். 5 புள்ளி 5 வரிசை வைத்துப் புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தால் சதுரம் 25 வராது. 16 தான் வரும். ஐந்து புள்ளிக்கு நடுவில் நாலு இடம்தானே! புள்ளியை எண்ணுவதும் சதுரத்தை எண்ணுவதும் வேறு என்று வாசலிலேயே காட்டிவிடலாம். ஸ்கேலில் 1-லிருந்து அளக்கும் குழந்தைக்கும் இதே சந்தேகம்தான் இருக்கும். கொஞ்சம் பெரிய குழந்தையானால் ஒரு வேடிக்கையும் காட்டலாம். புள்ளிகளை முனையாக வைத்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல், நேர்கோட்டில் எந்த மூடிய உருவம் வேண்டுமானாலும் போடச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் புள்ளிகளோடு, எல்லைக் கோட்டின் மேல் இருக்கும் புள்ளிகளில் பாதியைக் கூட்டி, ஒன்றைக் கழித்தால் பரப்பளவு வந்துவிடும். நம் 16 சதுரத்தில் உள்ளே 9, கோட்டின் மேல் 16. 9-ம் 8-ம் 17, ஒன்று போனால் 16. ஜார்ஜ் பிக் என்பவர் 1899-ல் இதை வெளியிட்டார்.

இனி, குழந்தைகள் தடுமாறும் மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, உருவம் மாறினால் பரப்பும் மாறிவிடும் என்ற எண்ணம். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே என்ற அறிஞர் தம் சகாக்களோடு 1948-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சோதனை வருகிறது. ஒரே அளவில் இரண்டு பச்சை அட்டை, அவைதான் புல்வெளி. ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மைப் பசு. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் வீடுகள் வைக்கப்படும். ஒன்றில் வீடுகள் ஒட்டி ஒட்டி ஒரு மூலையில் இருக்கும். இன்னொன்றில் சிதறி இருக்கும். எந்தப் பசுவுக்குப் புல் அதிகம் என்று கேட்டால், வீடுகள் ஒட்டி இருக்கும் வெளியில்தான் அதிகம் என்று சின்னக் குழந்தைகள் சொல்லும். தீப்பெட்டியையும் பச்சைக் காகிதத்தையும் வைத்து வீட்டிலேயே செய்து பாருங்கள். குழந்தை அப்படிச் சொன்னால் திட்டாதீர்கள். தீப்பெட்டியை நகர்த்தி நகர்த்தி அதுவே பார்க்கட்டும்.

இரண்டாவது, சுற்றளவையும் பரப்பளவையும் குழப்பிக் கொள்வது. இது குழந்தைகளுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 5-ஆம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய ப்ரோக்ளஸ் என்ற கிரேக்கர், நிலம் பங்கு போடும்போது சுற்றளவு நீளமான பங்கைக் கூட்டாளிக்குக் கொடுத்து, பரப்பு அதிகமான பங்கைத் தாங்கள் எடுத்துக் கொண்டு, உதாரகுணம் உள்ளவர்கள் என்று பெயரும் வாங்கியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இதற்கு மருந்து ஒரு முழ நூல். 24 செ.மீ. சுற்றளவு வரும்படி நூலின் இரண்டு முனைகளையும் முடிந்து, கட்டம் போட்ட காகிதத்தின் மேல் குண்டூசியால் செவ்வகமாக இழுத்து வைக்கச் சொல்லுங்கள். 11-க்கு 1 வைத்தால் உள்ளே 11 சதுரம். 10-க்கு 2 என்றால் 20. 9-க்கு 3 என்றால் 27. 8-க்கு 4 என்றால் 32. 7-க்கு 5 என்றால் 35. 6-க்கு 6 என்றால் 36. நூல் ஒன்றேதான், உள்ளே இருக்கும் இடமோ 11-லிருந்து 36 வரை மாறுகிறது. இதை ஒரு தடவை கையால் செய்த குழந்தை, வேலி போடும் செலவையும் மனையின் விலையையும் ஆயுசுக்கும் குழப்பிக் கொள்ளாது.

மூன்றாவது, அலகு மாற்றுவது. 1 அடிக்கு 12 அங்குலம் என்றால், 1 சதுர அடிக்கு 12 சதுர அங்குலம் என்று எழுதுவார்கள். ஓர் அடிச் சதுரத்தில் அங்குலக் கோடுகளைப் போட வையுங்கள். 12 வரிசையில் 12, ஆக 144. 1 மீட்டருக்கு 100 செ.மீ., ஆனால் 1 சதுர மீட்டருக்கு 10,000 சதுர செ.மீ. செய்தித்தாள்களை ஒட்டி ஒரு மீட்டர்ச் சதுரம் செய்து தரையில் விரித்து, அதன் மேல் எத்தனை பேர் நிற்க முடிகிறது என்று பார்ப்பது எங்கள் வகுப்பில் ஒரு திருவிழா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த தாத்தாக்கள் இன்னொன்றும் சேர்க்கலாம். 12 அடிக் கோலால் நீளம் ஒரு கோல், அகலம் ஒரு கோல் அளந்தால் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. பூர்விக நிலத்தைப் பற்றி நீங்கள் பேசும்போது குழந்தை வெறுமனே கேட்டுக் கொண்டிருக்காமல், ஒரு வேலிக்கு 2,88,000 சதுர அடி என்று பெருக்கிச் சொல்லட்டும்.

இப்போது நமக்கு மிகவும் நெருக்கமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆத்துப் புருஷாள் அபிவாதயே சொல்லும்போது ஆபஸ்தம்ப ஸூத்ரம் என்றோ போதாயன ஸூத்ரம் என்றோ சொல்கிறார்கள் அல்லவா? அந்த ஆபஸ்தம்பர், பௌதாயனர் பெயரில் சுல்ப ஸூத்ரங்களும் இருக்கின்றன. சுல்பம் என்றால் கயிறு. யாகவேதியைக் கயிறும் முளையும் கொண்டு அளந்து, செங்கல் வைத்துக் கட்டுவதற்கான கணக்கு அது. நம் கூட்டங்களில் பிதகோரஸுக்கு முன்பே நமக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொல்கிறோம். சந்தோஷம். ஆனால் அதில் பத்து வயதுக் குழந்தை செய்யக் கூடிய கணக்கு இருக்கிறதே, அதை ஏன் நாம் யாரும் எடுப்பதில்லை?

சயனத்தில் பருந்து வடிவ வேதியின் எளிய அமைப்பைப் பாருங்கள். அளவுகோல் புருஷம், அதாவது 120 அங்குலி. நடு உடல் 2 புருஷம் நீளம், 2 புருஷம் அகலம். ஆக 4 சதுர புருஷம். இரண்டு இறக்கைகளும் தலா ஒரு சதுர புருஷம், ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அரத்னி, அதாவது 24 அங்குலி, நீட்டப்படும். 24 என்பது 120-ல் ஐந்தில் ஒரு பங்கு. எனவே இறக்கை ஒன்றுக்கு 1.2, இரண்டுக்கும் 2.4. வால் ஒரு சதுர புருஷம், அது ஒரு பிராதேசம், அதாவது 12 அங்குலி, நீளும். எனவே 1.1. கூட்டுங்கள்: 4, 2.4, 1.1. மொத்தம் ஏழரை சதுர புருஷம். செவ்வகங்களாகப் பிரித்துக் கூட்டுவது என்று இன்றைக்கு ஐந்தாம் வகுப்பில் வரும் கணக்கு இதுதான். இந்த ஏழரை மாறாமல் வேறு உருவங்களிலும் வேதி கட்டுவதற்கு அந்த ஸூத்ரங்களில் வழி இருக்கிறது. உருவம் மாறலாம், பரப்பு மாறாது. பசுவும் புல்வெளியும் வைத்துக் குழந்தைக்குச் சொன்ன அதே விஷயம்! ஓர் அடுக்குக்கு 200 செங்கல், 5 அடுக்கு, ஆக ஆயிரம் செங்கல். ஓர் அடுக்கின் இணைப்பு, அடுத்த அடுக்கின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது என்றும் விதி. இன்றைய கொத்தனாரும் அப்படித்தான் சுவர் எழுப்புகிறார்.

இன்னொன்று மகாவேதி. மேற்குப் பக்கம் 30 பதம், கிழக்குப் பக்கம் 24 பதம், நடுவே நீளம் 36 பதம். சரிவகம். இதன் பரப்பு 972 சதுர பதம் என்று ஆபஸ்தம்பர் சொல்லிவிட்டு, எப்படி என்றும் காட்டுகிறார். ஒரு பக்கம் சரிந்து நிற்கும் முக்கோணத்தை வெட்டித் தலைகீழாகத் திருப்பி மறுபக்கம் வைத்தால், 27-க்கு 36 செவ்வகம் கிடைக்கிறது. பெருக்கினால் 972. அங்கே சரிவகச் சூத்திரம் எதுவும் மனப்பாடம் செய்யப்படவில்லை. வெட்டி, திருப்பி, ஒட்டியிருக்கிறார்கள்.

இதையே செய்தித்தாளில் செய்யலாம். வரிசை முக்கியம். முதலில் செவ்வகம். பிறகு இணைகரம். ஒரு பக்கத்து முக்கோணத்தை நெட்டுக்கு வெட்டி மறுபக்கம் நகர்த்தினால் செவ்வகம் ஆகிவிடும். எனவே அடிப்பக்கம் பெருக்கல் உயரம். சாய்ந்த பக்கத்தை ஏன் பெருக்கக் கூடாது என்பது கத்தரிக்கோல் பிடித்த குழந்தைக்குத் தானே தெரியும். அடுத்து முக்கோணம். ஒரே மாதிரி இரண்டு முக்கோணம் வெட்டிச் சேர்த்தால் இணைகரம். ஆகவே அதில் பாதி. கடைசியில் சரிவகம். நான்கு சூத்திரமும் ஒரே சூத்திரத்தின் குழந்தைகள் என்று தெரிந்துவிட்டால் மனப்பாடச் சுமை இல்லை. வளைந்த உருவத்துக்கு ஒரு பூவரச இலையைக் கட்டக் காகிதத்தில் வைத்து வரைந்து, முழுச் சதுரங்களை எண்ணி, பாதிக்கு மேல் உள்ளதை ஒன்று என்றும் பாதிக்குக் கீழ் உள்ளதை விட்டும் எண்ணச் சொல்லுங்கள். விடை சுமாராகத்தான் வரும். "சுமாராக" என்பதும் ஒரு கௌரவமான விடை என்று குழந்தை தெரிந்து கொள்ள வேண்டும்.

பள்ளிப் புத்தகங்களும் இந்த வழிக்கு வந்திருக்கின்றன. 2005-ஆம் வருஷத்துத் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி என்.சி.ஈ.ஆர்.டி. 2008-ல் கொண்டு வந்த ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், சதுரங்களை எண்ணுவது ஒரு தனிப் பாடமாக முதலில் வந்து, பரப்பளவும் எல்லையும் பிற்பாடுதான் வந்தன. ஆனால் புத்தகம் மாறினால் போதாது. வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் நாம், "இதெல்லாம் எதுக்கு, ஃபார்முலா எழுது" என்று சொன்னால் அந்தப் பாடம் வீணாகிவிடும்.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு சம்பவம் சொல்கிறேன். 1980-களின் கடைசி. சுரங்கம் ஓடிக் கொண்டிருந்த காலம். என் ஐந்தாம் வகுப்பில் பெரும்பாலும் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர்களின் குழந்தைகள், லைன் வீடுகளிலிருந்து வருபவர்கள். வகுப்பறையை அளந்து முடித்த பிறகு, அவரவர் வீட்டை அளந்து வரச் சொன்னேன். ஒரு பெண், "எங்க ரூம் 10-க்கு 10 டீச்சர், 100 சதுர அடி" என்றாள். சரி என்று நான் அடுத்த குழந்தையிடம் திரும்பினேன். அவள் உட்காரவில்லை. "எங்க பாய் 6 அடிக்கு ரெண்டரை அடி. 15 சதுர அடி. 100-ஐ 15-ஆல் வகுத்தா ஆறு பாய் போடலாம்னு கணக்கு வருது. ஆனா அஞ்சுதான் போட முடியுது. நாங்க ஏழு பேர்" என்றாள்.

வகுப்பு முழுவதும் மைதானத்துக்குப் போனோம். சாக்பீஸால் 10-க்கு 10 கோடு போட்டு, செய்தித்தாளில் பாய்கள் வெட்டி விரித்துப் பார்த்தோம். நெடுக்கே நாலு, மீதி இருக்கும் 4 அடிப் பட்டையில் குறுக்கே ஒன்று. எப்படித் திருப்பிப் போட்டாலும் ஆறாவது பாய்க்கு இடம் வரவில்லை. மிச்சம் 25 சதுர அடி இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக இருக்கிறது. மொத்தப் பரப்பு போதும் என்று எண் சொன்னாலும், உருவம் ஒத்துக் கொள்ளவில்லை. அப்புறம் எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். "அப்பாவும் அண்ணனும் வேற வேற ஷிப்டு. தம்பி அம்மாகூடப் படுத்துப்பான்" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். பத்து வயதுப் பெண். தன் வீட்டின் நிலைமையைத் தானே அளந்து, கணக்கு சொல்வதற்கும் தரை சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, எழுந்து நின்று கேட்டாள். சூத்திரம் மட்டும் படித்திருந்தால் "100 சதுர அடி" என்று எழுதி மார்க் வாங்கிக் கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு இந்த ஊரில் பேச்செல்லாம் வீட்டைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும்தான் என்பது உங்களுக்கே தெரியும். யாருக்கு எத்தனை சதுர அடி, எது வரை நம் எல்லை என்று காகிதங்கள் கை மாறின. ஆயுசு பூராவும் பூமிக்கடியில் உழைத்தவர்களில் பலருக்கு அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்ல வேண்டியவர்கள் பள்ளிக்குப் போன பிள்ளைகள்தான். அப்படிப் படிக்கும் பிள்ளைக்கு 24 என்றால் 24 எது என்று தெரிந்திருக்க வேண்டாமா? ஃப்ளாட் வாங்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். கார்ப்பெட் ஏரியா, பில்ட்-அப் ஏரியா, சூப்பர் பில்ட்-அப் ஏரியா என்று மூன்று எண் சொல்லும்போது, எதைச் சுற்றிக் கோடு போட்டு எண்ணினார்கள் என்று கேட்கத் தெரிந்தவன் ஏமாற மாட்டான்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு இரண்டு வேண்டுகோள். இந்த லீவில் உங்கள் வீட்டுக் குழந்தையோடு ஒரு வாரம் உட்காருங்கள். முதல் நாள் மூடுவது, இரண்டாம் நாள் சதுரம் எண்ணுவது, மூன்றாம் நாள் நூல், நாலாம் நாள் கத்தரிக்கோல், ஐந்தாம் நாள் பருந்து வேதியைக் கட்டக் காகிதத்தில் போட்டுக் கூட்டுவது. ஆறாம் நாள் ஹாலுக்கு எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று அதையே கேளுங்கள். ஓரத்தில் வெட்ட வேண்டிய டைல்ஸுக்கு அது என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். டியூஷன் மாதிரி நடத்தாமல், விளையாட்டு மாதிரி நடத்துங்கள்.

இரண்டாவது, உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு கார்ப்பரேஷன் பள்ளியோ பஞ்சாயத்துப் பள்ளியோ இருக்கும். ஓய்வுபெற்ற எஞ்சினியர்களும், பாங்க் அதிகாரிகளும், ஆசிரியர்களும் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்! தலைமை ஆசிரியரிடம் கேட்டுக் கொண்டு, வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு கட்டு பழைய செய்தித்தாளோடு போய் வாருங்கள். பணம் வேண்டாம். சுல்ப ஸூத்ரம் நம்முடையது என்று சொல்கிறோம். அந்த வேதிக்குச் செங்கல் அறுத்தவனும் சூளை வைத்தவனும் அந்தக் கணக்கில் பங்காளிகள்தான். அவன் பேரக் குழந்தைக்கும் அது போய்ச் சேரட்டும்.

வெளியில் மேஜை மேல் கட்டக் காகிதமும் நூலும் கத்தரிக்கோலும் வைத்திருக்கிறேன். காபி ஆறுவதற்குள் குழந்தைகள் வரலாம். தாத்தா பாட்டிகளும் வரலாம்.